கோபுர முத்திரைக் கற்பூரம்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்திருந்தீங்கன்னா என் குரலைக் கேட்டிருப்பீங்க. மூஞ்சியைப் பாத்திருக்க மாட்டீங்க. "வாலாஜாவிலிருந்து வந்த கௌரியம்மாள், நீங்க எங்கிருந்தாலும் மலையடிவாரம் மைக் செட்டுக்கு வரவும், உங்க மருமக காத்துகினு இருக்காங்க"ன்னு கூப்புடுவேன் பாருங்க, அது நான்தான். பேரு தணிகைமணி, ஊரு கே.ஜி.கண்டிகை. ஆட்டோ மேல ரெண்டு கொழா ஸ்பீக்கரு, உள்ள ஒரு பேட்டரி, கையில ஒரு மைக். தமிழ்ல ஒரு வாட்டி கூப்புடுவேன், தெலுங்குல ஒரு வாட்டி கூப்புடுவேன். காவடி தூக்கிகினு வர்ற ஜனத்துல பாதி ஆந்திராப் பக்கத்து ஆளுங்க. எல்லாருக்கும் மொட்டை அடிச்சி சந்தனம் பூசினப்புறம் பெத்த தாய்க்கே புள்ளை அடையாளம் தெரியாது, அவ்ளோ பேரு தொலைவாங்க. ஆனா நான் கூப்ட்டு வராதவங்க கெடையாது. லேட்டா வந்திருக்காங்க, புருசன் மேல சண்டைக்கு நின்னுகினு வந்திருக்காங்க. வராம இருந்ததில்லை.

கொரோனா ரெண்டாவது அலையில கோயிலைச் சாத்திட்டாங்க. காவடியும் இல்லை, மொட்டையும் இல்லை, தொலையறதுக்கு ஆளும் இல்லை. ஆட்டோவுக்குத் தார்ப்பாய் போட்டு மூடிட்டு வீட்ல குந்திகினு இருந்தேன். அப்பதான் அரசாங்கத்துலேர்ந்து ஒரு குழு போட்டாங்க. திருத்தணி வட்டார வதந்தி மறுப்பு மற்றும் விழிப்புணர்வு ஒருங்கிணைப்புக் குழு. பேனர்ல பேரு அடங்கலை. 'குழு' மட்டும் தனியா அடுத்த தூண்ல தொங்கிச்சி. வாட்சப்புல வர்ற பொய்யையெல்லாம் புடிச்சி, இது பொய்யின்னு ஜனத்துக்குச் சொல்றதுதான் வேலை. சொல்றதுக்கு வாய் வேணுமில்ல, அதுக்கு என்னைக் கூப்ட்டாங்க. நல்ல காரியமாச்சேன்னு தார்ப்பாயைத் தூக்கிப் போட்டுட்டுப் போனேன்.

ஆபீசு எங்கன்னா ஒரு கல்யாண மண்டபம். அந்த வருசம் கல்யாணம் ஏது, சும்மாதானே கெடக்குதுன்னு எடுத்துகினாங்க. மெத்தை வெச்ச நாற்காலி மண்டபத்துலயே ரெண்டுதான், மணமேடையில மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் போடற ஜோடி நாற்காலி. மாப்பிள்ளை நாற்காலியில குழுத் தலைவர் ஹேமநாதன் சார் உக்காந்தாரு. பொண்ணு நாற்காலியில உக்காருங்கன்னு உறுப்பினர் செயலர் சுஜாதா மேடத்தைச் சொன்னதுக்கு, அவங்க ஒரு பார்வை பாத்துட்டு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டுகினாங்க. அதுலேர்ந்து பொண்ணு நாற்காலி ஃபைல் வெக்கற இடமாயிடுச்சி.

ஹேமநாதன் சார் தங்கமான மனுசன். குரலை ஒசத்திப் பேச மாட்டாரு, லஞ்சம் வாங்க மாட்டாரு, மாஸ்க்கை மூக்குக்குக் கீழ எறக்க மாட்டாரு. ஆனா வாயிலேர்ந்து 'பொய்'ங்கற வார்த்தையை மட்டும் வாங்கவே முடியாது. அது கொச்சையாம். 'சரிபார்க்கப்படாத தகவல்'னு சொல்லணுமாம்.

அங்கதான் பரந்தாமன் வந்து சேந்தான். பொதட்டூர்பேட்டைக்காரன், விசைத்தறியில லுங்கி ஓட்டறவன், எனக்குப் பழைய சிநேகிதம். ஊர்ல தறி நின்னு போய், செக்போஸ்ட்ல கெஞ்சிக் கூத்தாடி, டிவிஎஸ் ஃபிப்டியில வந்திருந்தான். அவன் அக்கா பத்மா, அவங்க வீட்டுக்காரர் முரளிதரன். பரந்தாமனோட நைனா போனதுலேர்ந்து அவனுக்கு அப்பன், அண்ணன் எல்லாம் அந்த மாமாதான், பாவான்னுதான் கூப்புடுவான். பாவாவுக்குக் காய்ச்சல், இருமல். சக்கரை வியாதி வேற. முந்தின நாள்லேர்ந்து மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்கு வான்னா வர மாட்டேங்கறாரு.

வராததுக்குக் காரணம் ஒரு வாட்சப்பு. தணிகை மலைக் கற்பூரத்தை ஓமம், கிராம்போட சேத்து வெள்ளைத் துணியில மூட்டை கட்டி மோந்துகினே இருந்தா ஆக்சிஜன் தானா ஏறிடும், ஆஸ்பத்திரிக்குப் போனவங்க யாரும் உசுரோட திரும்பறதில்லை, உங்களுக்கு வேண்டியவங்களுக்கெல்லாம் அனுப்பவும். இது பாவாவுக்குத் தமிழ்ல ஒருத்தர்கிட்டேர்ந்து வந்திருக்குது. அதே நாள் ஆந்திராவுல நகரியில இருக்கற சொந்தக்காரங்க வீட்லேர்ந்து தெலுங்குலயும் வந்திருக்குது. ரெண்டு பாஷையில தனித்தனியா வருது, அப்புறம் எப்படிப் பொய்யா இருக்கும்னு கேக்கறாரு மனுசன். எங்க பக்கத்துல எதையும் ரெண்டு பாஷையில கேட்டாத்தான் நம்பிக்கை. நானே ரெண்டு பாஷையில கத்திச் சம்பாதிக்கறவன், நான் என்னத்தைச் சொல்ல?

பரந்தாமன் கால்ல விழாத கொறையா கேட்டிருக்கான். பாவா ஒரே ஒரு வழி விட்டாரு. அவரும் தறிக்காரர்தான். நெசவாளர் சங்கத்துல வாயால சொன்னது எதுவும் நடந்ததில்லை, சீல் போட்ட பேப்பர்ல வந்தது மட்டும் நடந்துச்சி. அது அவரோட அனுபவம். அதனால, "கெவர்மெண்டு சீல் வெச்சி இது பொய்யின்னு சொல்லட்டும்டா, நானே நடந்து போய் ஆம்புலன்ஸ்ல ஏறுறேன்"னு சொல்லியிருக்காரு.

பரந்தாமன் கேட்டது அவ்ளோதான். ஒரு பேப்பர், ஒரு சீல், நடுவுல 'பொய்'னு ஒரு வார்த்தை. ஹேமநாதன் சார் முழுசா கேட்டாரு. தண்ணி குடுக்கச் சொன்னாரு. அப்பால சொன்னாரு:

"தம்பி, ஒருத்தருக்கு வந்தா அது செய்தி. பலருக்கு வந்தாத்தான் வதந்தி. செய்தியை மறுக்கற அதிகாரம் எங்களுக்கு இல்லை."

பரந்தாமன் முழிச்சான். மேடம் வெவரமா புரிய வெச்சாங்க. ஒரு வதந்தியைக் குழு எடுத்துக்கணும்னா அது போதுமான அளவு பரவியிருக்கணும். பல ஊர்லேர்ந்து, பல பேர் கைப்பட, குழுவோட நம்பருக்கு வந்து சேரணும். பரவாத வதந்தியை மறுத்தா குழுவே அதைப் பரப்பினதா ஆயிடும் இல்லையா? கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருந்திச்சி. அந்த மண்டபத்துல கேக்கறதுக்கு நியாயமா இல்லாத பேச்சை நான் ஒரு நாள் கூட கேட்டதில்லை.

பரந்தாமன் வெளியில வந்து, யார் யாருக்கு இந்த மெசேஜ் வந்திருக்குதுன்னு ஃபோன் போட்டுக் கேட்டான். பாதிப் பேருக்கு வரலை. இன்னா பண்ணுவான்? வராதவங்களுக்கு அவனே அனுப்பினான். மேல ஒரு வரி போட்டான், இது பொய், ஆனா தயவு பண்ணி இந்த நம்பருக்கு அனுப்பிடுங்க. நூல் வியாபாரிக்கு அனுப்பினான், சாயப்பட்டறைக்காரனுக்கு அனுப்பினான், திருவாலங்காட்டுல கரும்பு வெட்டற மச்சானுக்கு அனுப்பினான், எனக்கும் அனுப்பினான். எல்லாரும் நல்லவங்க. குழுவுக்கும் அனுப்பினாங்க, அப்படியே அவங்கவங்க அக்கா தங்கச்சிக்கும் அனுப்பினாங்க. மேல போட்ட வரி வழியில எங்கயோ உதிந்துடுச்சி.

மறுநாள் சாயங்காலத்துக்குள்ள குழுவோட ஃபோன் தாங்கலை. ஹேமநாதன் சார் பரந்தாமனைக் கூப்ட்டுக் கை குடுக்கப் போயி, தொற்று ஞாபகம் வந்து கும்புடு போட்டாரு. "தேவையான பரவல் ஏற்பட்டிருக்கிறது. உங்கள் ஒத்துழைப்பைக் குழு பாராட்டுகிறது"ன்னாரு. பாவாவுக்கு அன்னிக்குப் படுத்தா மூச்சு வரலை, உக்காந்துகினேதான் இருக்காருன்னு பரந்தாமன் சொன்னான். அதுவும் கேட்டுகினாரு.

கூட்டம் போட்டாங்க. என் மைக்கைத்தான் மணமேடையில வெச்சாங்க. உறுப்பினர்ங்க எல்லாம் பந்தி வரிசையில தள்ளித் தள்ளி உக்காந்திருந்தாங்க. தலைவர் பேசினாரு, வதந்தி என்பது நோயைவிடக் கொடியது, நோய் உடலைத் தாக்குகிறது, வதந்தி நிர்வாகத்தைத் தாக்குகிறதுன்னு. கை தட்டினாங்க. பரந்தாமன் செருப்பு விடற எடத்துல நின்னுகினு இருந்தான்.

அப்பால அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கவிதாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சாங்க. அந்தம்மா தடுப்பூசி முகாம்ல இருந்தாங்க, பின்னால ஒரே சத்தம். விசயத்தைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பேச ஆரம்பிச்சிட்டாங்க.

"அது பொய்ங்க. கற்பூரம் மோந்தா ஒண்ணும் ஏறாது, அளவுக்கு மீறினா விஷம். அந்த ஆளுக்கு மூச்சு வாங்குதுன்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போங்க. திருவள்ளூர்ல இப்ப ஒரு படுக்கை காலியா இருக்குது, நான் சொல்லி வெக்கறேன்."

ஒரு நிமிசம் கூட ஆவலை. பரந்தாமன் மூஞ்சியில அப்பதான் உசுரைப் பாத்தேன். மேடம் எழுதிகினாங்க. 'மருத்துவர் வாய்மொழியாகக் கருத்துத் தெரிவித்தார். எழுத்துப்பூர்வமான கருத்து எதிர்பார்க்கப்படுகிறது.' நான் எழுதி ஃபோட்டோ புடிச்சி வாட்சப்புல அனுப்பட்டுமான்னு டாக்டரம்மா கேட்டாங்க. ஹேமநாதன் சார் சிரிச்சாரு, குழந்தைகிட்ட சிரிக்கற மாதிரி. வாட்சப்புல வர்றதை நம்பக் கூடாதுன்னு சொல்றதுக்குத்தானே டாக்டர் இந்தக் குழுவே இருக்குது, நாங்களே அதுல வர்றதை ஏத்துக்கலாமான்னாரு. வதந்தியெல்லாம் வாட்சப்புலதானே சார் வாங்கினீங்கன்னு பரந்தாமன் கேட்டான். வதந்தி வர வேண்டிய வழியிலதான் வந்திருக்குது, மறுப்பும் அதுக்குண்டான வழியில வரட்டும்னாரு.

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சொல்லுவாங்க. எங்க ஊர்ல சாமியைச் சாத்திட்டாங்க, பூசாரி மட்டும் மேடையில உக்காந்துகினு இருந்தாரு.

டாக்டர் கருத்து தபால்ல வர்ற வரைக்கும் குழு சும்மா இருக்கலாமா? கூடாதுன்னு முடிவு பண்ணாங்க. ரெண்டு கட்டமா செய்யலாம்னாங்க. முதற்கட்டம் அறிவிப்பு, இரண்டாம் கட்டம் மறுப்பு. எது வதந்தின்னே தெரியாம ஜனங்க அதை எப்படி நம்பாம இருப்பாங்க, முதல்ல அதைத் தெரிஞ்சிக்கட்டும்னாரு தலைவர். ஒரு உறுப்பினர் எழுந்து, மெசேஜ் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு அளவுல வந்திருக்குது, ஒண்ணுல கற்பூரம் ஒரு கைப்பிடி, ஒண்ணுல ரெண்டு வில்லை, அரசு அறிக்கையில இப்படிக் கொழப்பம் இருந்தா கேலி பண்ணுவாங்கன்னாரு. நல்ல யோசனைன்னு எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாத்து, கற்பூரம் இவ்ளோ, ஓமம் இவ்ளோ, கிராம்பு இவ்ளோன்னு குழுவே நிர்ணயம் பண்ணிச்சி. துணி பருத்தித் துணியா இருக்கணும்னு நெசவாளர் பிரதிநிதி ஒருத்தர் திருத்தம் கொண்டு வந்தாரு. அதையும் சேத்துகினாங்க.

அறிக்கை டைப் ஆயி வந்திச்சி. மேல கோபுர முத்திரை. அதுக்குக் கீழ 'பொதுமக்கள் கவனத்திற்கு'. அதுக்குக் கீழ கற்பூர மூட்டை கட்டற விதம், வரிசை வரிசையா. கடைசியில, மூக்குக் கண்ணாடி போட்டாத்தான் தெரியற எழுத்துல, 'மேற்கண்ட தகவல் குழுவின் பரிசீலனையில் உள்ளது'.

நான் படிச்சிப் பாத்துட்டு, சார், பொய்யின்னு எங்கயும் போடலையேன்னு கேட்டேன். முடிவெடுக்காத விசயத்துல முடிவைச் சொல்லக் கூடாது மணி, அது நடுநிலைமைக்கு விரோதம்னாரு. பரந்தாமன் அந்த மேடைப் படியிலயே உக்காந்துட்டான். எனக்கு வர்ற பேப்பரைத்தானே நான் படிக்கணும்? படிக்கப் போனேன்.

திருவாலங்காட்டுல ஆரம்பிச்சேன். கொழாயில என் குரல் வந்ததும் ஜனம் ஓடியாந்திச்சி, எத்தினி மாசமாச்சி அதைக் கேட்டு. கரும்பு வெட்டிகினு இருந்த பொம்பளைங்க கத்தியைக் கீழ வெச்சிட்டு வந்தாங்க. ஒரு அம்மா, ஓமத்தோட அளவை இன்னொரு வாட்டி சொல்லுப்பான்னு கேட்டாங்க. அம்மா இது பரிசீலனையில இருக்குதும்மான்னேன். பரவாயில்லை நீ அளவைச் சொல்லுன்னாங்க. தெலுங்குக்காரங்க தெருவுல தெலுங்குல சொன்னேன். அங்க ஒருத்தர் என் ஆட்டோவுக்குச் சூடம் காட்டினாரு.

நான் ஊரைச் சுத்திட்டுத் திரும்பறதுக்குள்ள மலையடிவாரத்துல ஷட்டரைப் பாதி தூக்கி வெச்சிகினு கற்பூரம் வித்துகினு இருந்தாங்க. கோயில் சாத்தினதுலேர்ந்து தேங்கிக் கெடந்த சரக்கெல்லாம் ஒரே நாள்ல காலி. நம்ம வீட்டுக்குப் போனா என் சம்சாரம் பிரேமா புள்ளைங்க கழுத்துல மூட்டை கட்டி வெச்சிருக்கா. அவுத்துப் போடுடி, பொய்யின்னேன். காலையிலேர்ந்து ஊர் ஊரா நீதானே கத்திகினு போன, இப்ப வீட்ல வந்து பொய்யின்றியான்னா. நானே அவுத்துத் தூக்கிப் போட்டேன். ராத்திரி அவ மறுபடியும் கட்டிட்டா.

பொதட்டூர்பேட்டைக்கு நான் போக வேண்டிய அவசியமே வரலை. அறிக்கையை யாரோ ஃபோட்டோ புடிச்சி, கடைசி வரியை வெட்டிட்டு அனுப்பியிருந்தாங்க. வெட்டினதுல தப்பு சொல்ல முடியாது, அந்த வரி ஃபோட்டோவுல எப்படியும் தெரிஞ்சிருக்காது. அது பாவா ஃபோனுக்கு வந்திச்சி.

பரந்தாமன் வீட்டுக்குப் போனப்ப பாவா சிரிச்சிகினு இருந்தாராம். பல நாளைக்கப்புறம் சிரிக்கறாரு. பேச மூச்சு இல்லை, ஃபோனைத் தூக்கிக் காட்டினாராம். கோபுர முத்திரை. பத்மாக்கா ஓமத்தை அளந்துகினு இருந்தாங்களாம், அறிக்கையில இருந்த அளவு சுத்தமா. பருத்தித் துணிக்கு அந்த வீட்ல பஞ்சமா? பாவா நெய்ஞ்ச லுங்கியையே கிழிச்சிக் கட்டியிருக்காங்க.

"சொன்னேன்ல, கெவர்மெண்டு சொல்லும்னு"ன்னு மட்டும் விட்டு விட்டு சொன்னாராம் பாவா.

பரந்தாமன் அன்னிக்கே திரும்ப மண்டபத்துக்கு வந்தான். வண்டியை நிறுத்தினானா கீழ போட்டானான்னு தெரியலை, அப்படியே உள்ள வந்தான். ரெண்டாவது கட்டத்தை இப்பவே விடுங்க சார்னு கும்புட்டுகினு நின்னான். அதிசயமா டாக்டரம்மா பேப்பர் வந்து சேந்திருந்திச்சி. முகாம் முடிஞ்சி அவங்களே கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருந்தாங்க. மறுப்பும் டைப் ஆயி பொண்ணு நாற்காலி மேல இருந்திச்சி. நான் என் கண்ணால பாத்தேன், 'உண்மைக்குப் புறம்பானது'ன்னு தெளிவா போட்டிருந்திச்சி. அப்பாடான்னு கையை நீட்டினேன். ஹேமநாதன் சார் தடுத்துட்டாரு.

தெலுங்கு மொழிபெயர்ப்பு வரலையாம். எல்லைப் பகுதியில தமிழ் மக்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்லிட்டு, தெலுங்கு மக்களை வதந்தியிலயே விட்டுட்டுப் போறது பாகுபாடு ஆயிடுமாம். அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருத்தருக்குக் கடிதம் போயிருக்குது, அவருக்கும் காய்ச்சலாம்.

"சார், முதல் அறிக்கையை நான்தானே தெலுங்குல சொன்னேன், இதையும் நானே சொல்லிடறேனே"ன்னேன்.

"மணி, வதந்தியை யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம். உண்மைக்குத் தகுதி வேண்டும்."

கோவத்துல சொல்லலைங்க. என் மேல அக்கறையாத்தான் சொன்னாரு. நான் தப்பா சொல்லி மாட்டிக்கக் கூடாதுன்னு. தமிழ்ப் பேப்பர் ஒண்ணை மட்டும் குடுங்க சார், எங்க பாவாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்னு பரந்தாமன் சொன்னான். தனிநபருக்கு உண்மை வழங்க விதியில்லைன்னு மேடம் ரூல் எடுத்துக் காட்டினாங்க. அவங்க கண்ணுலயும் தண்ணி இருந்திச்சி, அதை நான் மறைக்கக் கூடாது. ஆனா ரூலை மடிச்சி உள்ள வெச்சிட்டாங்க.

பத்மாக்கா யாருக்கும் சொல்லாம ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணிட்டாங்க. வண்டிக்காரங்களும் வந்தாங்க. பாவா ஏறலை. கவச உடை போட்டுகினு வந்த பையன்கிட்ட ஃபோனை நீட்டி, பாருங்க, கெவர்மெண்டே சொல்லியிருக்குது, நீங்களும் கெவர்மெண்டுதானேன்னு சைகையில கேட்டிருக்காரு. அந்தப் பையன் படிச்சிட்டு ஒண்ணும் புரியாம நின்னிருக்கான். அதுக்குள்ள வேற ஊர்லேர்ந்து அவசரம்னு கூப்ட்டுட்டாங்க, போயிட்டாங்க. ஒரு மூணு மணி நேரம் கழிச்சிப் பாவாவாலே சைகையும் பண்ண முடியலை. ரெண்டாவது ஆம்புலன்ஸ் வந்தப்ப ஏத்தறதுக்கு அவரு இல்லை. மூட்டை கையிலயே இருந்திச்சி, வெரலைப் பிரிச்சித்தான் எடுத்தாங்க.

சுடுகாட்டுக்கு நானும் பரந்தாமனும்தான் போனோம். பக்கத்துல வுடலை. அவ்ளோ தூரத்துலேர்ந்து நின்னு பாத்துட்டு வந்தோம்.

மறுநாள் பரந்தாமன் மண்டபத்துக்கு வந்தான். கத்தப் போறான், நாற்காலியைத் தூக்கி அடிக்கப் போறான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நான் தடுத்திருக்க மாட்டேன். அவன் என்கிட்ட வந்து மைக்கைக் கேட்டான். குடுத்தேன். ஆட்டோ மேல கொழா ரெண்டும் ரோட்டைப் பாத்துகினு இருந்திச்சி.

"எங்க பாவா முரளிதரன் செத்துட்டாரு. இவங்க சீல் வெச்ச பேப்பரைப் பாத்து கற்பூரத்தை மோந்துகினே செத்துட்டாரு. உங்க வீட்ல யாருக்காவது மூச்சு வாங்கினா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போங்க. இதை யார்கிட்டயும் கேக்காதீங்க, போங்க."

அவ்ளோதான் சொன்னான். மைக்கை என் கையில குடுத்துட்டு வண்டியை எடுத்துகினு போயிட்டான். எதிர்ல பாலுக்கு நின்ன யாரோ வீடியோ எடுத்திருந்தாங்க. அது பத்து நிமிசத்துல திருத்தணி பூரா பரவிடுச்சி, அரை மணியில சென்னையிலேர்ந்து ஃபோன் வந்திச்சி.

இப்பத்தான் நம்ம குழுவோட வேகத்தைப் பாக்கணும் நீங்க. எரியற வீட்ல தண்ணி ஊத்தாதவன் பொகை கண்ணுல பட்டதும் ஓடுவான் பாருங்க, அந்த ஓட்டம். போதுமான பரவல் இருக்குதான்னு யாரும் கேக்கலை. டாக்டர் கருத்து எழுத்துல வேணும்னு யாரும் சொல்லலை. முதற்கட்டம் ரெண்டாம் கட்டமெல்லாம் இல்லை, ஒரே கட்டம். காய்ச்சல்ல படுத்திருந்த மொழிபெயர்ப்பாளர் ஃபோன்லயே தெலுங்குல சொல்ல, மேடம் எழுதிகினாங்க. நான் ஒரு டீ குடிச்சி முடிக்கறதுக்குள்ள பேப்பர் என் கைக்கு வந்துடுச்சி, சூடா. கோபுர முத்திரை பளிச்சுன்னு இருந்திச்சி.

'பொதட்டூர்பேட்டையில் முரளிதரன் என்பவர் கற்பூரம் நுகர்ந்து கொரோனாவால் இறந்ததாகப் பரவும் செய்தி முற்றிலும் வதந்தி. மேற்படி நபருக்குப் பரிசோதனை செய்யப்படவில்லை. பரிசோதனை செய்யப்படாதவர் நோயாளி ஆகமாட்டார். நோயாளி அல்லாதவர் நோயால் இறந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவ்வாறான இறப்பு எதுவும் இப்பகுதியில் நிகழவில்லை. பொதுமக்கள் நம்ப வேண்டாம்.'

கூட ஒரு படமும் போட்டிருந்தாங்க. சொந்தக்காரங்க அடிச்ச கண்ணீர் அஞ்சலிப் படம். பாவா வெள்ளைச் சட்டையில சிரிச்சிகினு இருக்காரு. மூஞ்சிக்குக் குறுக்கால செவப்பு எழுத்துல 'வதந்தி'.

எந்த ஊர்லேர்ந்து வதந்தி கெளம்பிச்சோ அந்த ஊர்லதான் முதல்ல மறுக்கணும்னு ஹேமநாதன் சார் சொன்னாரு. பொதட்டூர்பேட்டை, அதுவும் அந்தத் தெரு. சார், அவரை எரிச்ச எடத்துல நான் நின்னேன் சார்னேன். என் தோள் கிட்ட வந்து, தொடாம, மெதுவா சொன்னாரு, "நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை மணி. நடந்ததைத்தான் மறுக்கிறேன்."

வண்டியை எடுத்தேன். வழி பூரா மைக்கைப் போடலை. பேட்டைக்குள்ள போனா எல்லா வீட்லயும் தறி நின்னு கெடக்குது, என் ஆட்டோ சத்தம் மட்டும் கேக்குது. என்னைப் பாத்து நாலு பேரு கதவைத் தொறந்தாங்க. பத்மாக்கா வாசப்படியில உக்காந்துகினு இருந்தாங்க. பரந்தாமன் உள்ள சுவத்துல சாஞ்சிகினு இருந்தான், எழுந்து வரலை. அக்கா கையில ஃபோன் இருந்திச்சி. அவங்களுக்கு முன்னாடியே வந்துடுச்சி. அந்தப் படம்தான்.

நான் எறங்கி நின்னேன். படிக்க மாட்டேன்க்கா, திரும்பிப் போயிடறேன்னேன். அக்கா என்னை நிமிந்து பாத்தாங்க. அழுவலை.

"இன்னாத்துக்குப் போற? சீல் வெச்சி வந்தா நம்பறேன்னு சொல்லிகினே இருந்தாரு. இப்ப வந்துடுச்சி. அவரு சாவலைன்னு கெவர்மெண்டே சொல்லுது."

அக்கான்னேன். அவங்க விடலை.

"சாவலைன்னா எங்கயோ தொலைஞ்சி போயிருக்காரு. கிருத்திகையில தொலைஞ்சவங்களை நீதானே கூப்புடுவ. நீ கூப்ட்டு வராதவங்க இல்லைன்னு பரந்தாமன் சொல்லுவான். கூப்புடு மணி."

ஆட்டோவுல ஏறினேன். குழு குடுத்த பேப்பரை மடிச்சி சீட்டுக்குக் கீழ போட்டேன். பேட்டரியைப் போட்டேன், கொழா ரெண்டும் கொய்ங்குன்னு கத்திட்டு அடங்கிச்சி. என் தொழில் குரல்லயே கூப்ட்டேன், வேற குரல் எனக்கு வராது.

"பொதட்டூர்பேட்டையைச் சேர்ந்த முரளிதரன் அவர்களே, நீங்க எங்கிருந்தாலும் உடனே உங்க வீட்டுக்கு வரவும். உங்க சம்சாரம் பத்மா வாசல்ல காத்துகினு இருக்காங்க."

தெலுங்குலயும் ஒரு வாட்டி கூப்ட்டேன். அக்கா தெருக்கோடியைப் பாத்துகினு இருந்தாங்க. இன்னொரு வாட்டி கூப்புடுன்னாங்க. கூப்ட்டேன்.